மறு: அயனிமண்டல முன்னறிகுறி – சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நிலநடுக்கத்துக்கு முன் அயனிமண்டலத்தில், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த மேல்வளிமண்டல அடுக்கில், தெரிவதாகச் சொல்லப்படும் மாற்றத்துக்குத் தமிழில் ஒரு சொல் கேட்கப்பட்டது. 'நிலநடுக்க முன்னறிகுறி' என்ற சொல்லுக்கே இங்கே ஆதரவு கூடிவருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் நிறுவப்படாத ஒன்றை அது முடிந்த முடிவாக்கிவிடுகிறது.

இரண்டு வேறு நிகழ்வுகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, நடுக்கத்துக்குப் பின் வருவது. நிலமோ கடல்பரப்போ எழுந்து தாழும்போது மேலிருக்கும் காற்றைத் தள்ளுகிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால் அந்த அழுத்த அலையின் வீச்சு பெருகுகிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் 300 கி.மீ. உயரத்தை, அதாவது அயனிமண்டலத்தை, எட்டி அங்குள்ள எலக்ட்ரான்களை அலைக்கழிக்கிறது. 1964 அலாஸ்கா நடுக்கத்தின்போதே இது பதிவானது. 2011 மார்ச் 11 நடுக்கத்தில் ஜப்பானின் ஜிபிஎஸ் நிலையங்கள் அந்த அலை வட்டம் வட்டமாகப் பரவியதையே காட்டின. இதில் யாருக்கும் சண்டை இல்லை. 'நிலநடுக்க அயனித் தளம்பல்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

மற்றது, முன்னால் வருவதாகச் சொல்லப்படுவது. இதைத் தேடித்தான் 2003இல் குவேக்சாட் என்ற சிறிய துணைக்கோள் ஏவப்பட்டது. மொத்த எடை 5 கிலோகூட இல்லை. தன் சொந்த மின்சுற்றுகளின் இரைச்சல் தொடாதபடி காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியை ஒரு கழியின் நுனியில் நீட்டிவைத்துக்கொண்டு சுற்றியது. அடுத்த ஆண்டு பிரான்சின் டெமீட்டர் துணைக்கோள் போனது, 130 கிலோ. அதன் தரவில் ஆயிரக்கணக்கான நடுக்கங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, நடுக்கத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில், இரவுப் பக்கத்தில், 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே மின்காந்த அலைகளின் செறிவு சற்றே குறைந்திருந்தது. சராசரியில் தெரிகிறது, அவ்வளவுதான். தனி ஒரு நடுக்கத்தை இதை வைத்துச் சொல்ல முடியாது. சூரியன் கிளப்பும் காந்தப் புயல் இதைவிடப் பெரிய கலக்கத்தை உண்டாக்கும்.

ஆகவே என் பரிந்துரை: 'முன்நிகழ் அயனித் தளம்பல்'. முன்னால் நிகழ்ந்தது என்று மட்டும் சொல்கிறது, காரணம் பேசவில்லை. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "இந்த முன்நிகழ் தளம்பலுக்கும் நடுக்கத்துக்கும் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்." சரியாக நிற்கிறது. அதே இடத்தில் 'முன்னறிகுறி' வந்தால் வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்கிறது.

'தளம்பல்' என்பதற்குப் பதில் 'குலைவு' ஏன் வேண்டாம் என்றால், எதுவும் அங்கே குலைந்து போவதில்லை. எலக்ட்ரான் அடர்த்தி ஏறி இறங்குகிறது. 'தளம்பல்' இலங்கை வானிலை அறிக்கைகளில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். 'முன்னதிர்வு' பக்கமே போக வேண்டாம், அது பெரிய நடுக்கத்துக்கு முன் வரும் சிறு நடுக்கத்துக்குப் போய்விட்டது.

அப்புறம், குவேக்சாட் போன்ற சிறிய துணைக்கோளுக்கு என்ன சொல் என்பது பற்றி. 'சிறுகோள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் பாறைகளின் பெயர். 'குறுஞ்செய்மதி' எனக்குப் பிடித்தது, ஆனால் கைப்பேசி அதைக் 'குறுஞ்செய்தி' என்று திருத்தாமல் விடாது. 'சிறுசெய்மதி' என்று வைத்துக்கொள்வோமா? மாற்று இருந்தால் சொல்லுங்கள்.