சைக்கிள் பிரேக் லிவர் கடைசி வரை வந்தா: சக்கரத்தைக் கழட்டி லிவரை அமுக்குறது தீர்வா, இல்லையா?

மலைச்சக்கரம்:
"லிவர் ஹேண்டில்பார் வரை வந்தா பிளீட் பண்ணு (பிரேக் ஆயில்ல இருக்குற காத்தை வெளியேத்து), வேற வழியே கிடையாது"ன்னு பக்கத்து இழையில ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். இதைக் கேட்டு நல்லா இருக்குற ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கை எல்லாம் திறந்து வச்சிருக்காங்க. லிவர் ரொம்ப தூரம் வந்து, கடைசியில கெட்டியா நின்னா அது காத்து இல்ல. பேடுக்கும் ரோட்டருக்கும் (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்) நடுவுல இடைவெளி கூடியிருக்கு. காத்து இருந்தா கொழகொழன்னு அமுங்கும். சக்கரத்தைக் கழட்டுங்க, பேட் உள்ளேயே இருக்கட்டும், லிவரை மெதுவா ரெண்டே தடவை அமுக்குங்க. பேடைத் தள்ளுற பிஸ்டன், அதைச் சுத்தி இருக்குற சீல்ல (ரப்பர் வளையம்) வழுக்கி முன்னால வந்துடும். அதுக்கு வேண்டிய ஆயில் லிவர்கிட்ட இருக்குற ரிசர்வாயர்ல (ஆயில் தொட்டி) இருந்து தானா இறங்கும்.

ஆயில்புனல்:
சொன்னது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ரோட்டர் இல்லாம அமுக்குறது கோளாறை மூடி மறைக்கிற வேலை. அடுத்த வாரமே லிவர் பழையபடி உள்ள போகும்.

மலைச்சக்கரம்:
ஏன் போகும்னு சொல்லுங்க. சதுர வெட்டு சீல் பிஸ்டனைப் பிடிச்சுக்கிட்டு வளையும், லிவரை விட்டா நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால இழுக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி முன்னேறணும். சீல் காஞ்சு அழுக்கு ஒட்டினா பிஸ்டன் வழுக்காது, முழுசா பின்னால திரும்பிடும். அதுக்குப் பேடை எடுத்துட்டு, ஒரு பிஸ்டனை பிளாஸ்டிக் டயர் லிவரால தடுத்து, இன்னொன்னை ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெளிய தள்ளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால துடைக்கணும். ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி நாலஞ்சு தடவை உள்ள வெளிய விடணும். அப்புறம் ரெண்டு தடவை அமுக்குனா போதும். இதுல பிளீட் எங்க வருது?

தேய்ந்தபேட்:
லிவர் ரொம்ப தூரம் வருதுன்னா, அந்தப் பயணம்னு எதைச் சொல்றீங்க? பேட் தொடுற வரைக்கும் வர்ற தூரமா, இல்ல ரீச் திருகுல லிவரை நகர்த்துற தூரமா?

ஆயில்புனல்:
அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் கேக்குறது ஒண்ணுதான்: ரோட்டர் இல்லாம அமுக்கி ஒரு பிஸ்டன் மட்டும் முன்னால வந்துட்டா? ஒரு பக்கம் பேட் உரசும். இன்னும் ஒரு தடவை கூடுதலா அமுக்குனா இடைவெளி மூடிக்கும், சக்கரமே உள்ள போகாது.

மலைச்சக்கரம்:
அதனாலதான் "ரெண்டே தடவை"ன்னு எழுதினேன், படிக்கணும். உரசினா கேலிப்பர் (பிஸ்டனும் பேடும் இருக்குற பாகம்) போல்ட் ரெண்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 6–8 நியூட்டன் மீட்டர்ல இறுக்கணும்.

உங்க பிளீட் ஆலோசனையோட ஆபத்தை யார் சொல்றது? தேஞ்ச பேடோட, பிஸ்டனைப் பின்னால பிடிச்சு வைக்க பேடுக்குப் பதிலா போடுற மஞ்சள் பிளாக் வைக்காம, புனல்ல ஆயில் நிரப்பி மூடிடுறாங்க. அப்புறம் புதுப் பேட் போட பிஸ்டனை உள்ள தள்ளினா, போற ஆயிலுக்கு ரிசர்வாயர்ல இடம் இல்ல. பேட் ரோட்டரை விடாது, ரிசர்வாயர்ல இருக்குற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஓரத்துல கசியும்.

ரோட்டர்ராஜா:
ரெண்டு பேரும் சண்டையை விடுங்க. ஷிமானோ ரோட்டர் புதுசுல 1.8 மி.மீ. டிஆர்பி 2.3 மி.மீ ரோட்டர் போடுங்க, லிவர் சீக்கிரம் கடிக்கும்.

மலைச்சக்கரம்:
பிஸ்டன் ஒழுங்கா முன்னேறினா எந்தத் தடிமனுக்கும் இடைவெளி ஒண்ணுதான். ஒட்டின பிஸ்டனுக்கு, ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் தடுப்பு கொடுக்குறீங்க. அதுதான் மூடி மறைக்கிறது.

ரோட்டர்ராஜா:
வேலை செய்யுது. தியரி உங்ககிட்டயே இருக்கட்டும்.

ஆயில்புனல்:
பிஸ்டன்ல மினரல் ஆயில் தடவச் சொல்றாரே, டாட்ங்குற வேற வகை பிரேக் திரவம் போடுற ஸ்ராம் பிரேக் வச்சிருக்கவன் படிச்சுட்டுத் தடவினா? அவங்க டாட் சீல் உப்பிப் போகும். போன மாசம் செயின் இழையிலயும் இப்படித்தான் பாதியைச் சொல்லிட்டுப் போனார்.

மலைச்சக்கரம்:
முதல் பத்தியிலயே ஷிமானோன்னு இருக்கு. டாட் போடுற ஸ்ராம்னா டாட் திரவம்தான் தடவணும், இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கு. செயின் இழையில நீங்க பதில் சொல்லாம ஓடினதையும் இங்க எழுதலாமே.

ஆயில்புனல்:
லிவரை நாலு தடவை வேகமா அடிச்சா உயரும், கொஞ்ச நேரம் விட்டா மறுபடி இறங்கும்னா அது காத்துதான். லிவரைத் தரைக்கு இணையா வச்சு, 2.5 மி.மீ ஆலன் கீயால திருகைக் கழட்டி, புனல் மாட்டி, லிவரைச் சுண்டி, ஹோஸைத் தட்டினா குமிழ் வருது. அமுக்கி அமுக்கி இதை வெளியேத்த முடியுமா?

மலைச்சக்கரம்:
ஒட்டின பிஸ்டனும் அடிக்க அடிக்க உயரும். கெட்டியா நிக்குதா, கொழகொழன்னு இருக்கான்னு கை வச்சுப் பாருங்க. கெட்டியா நின்னா சக்கரத்தைக் கழட்டி ரெண்டு தடவை அமுக்குங்க.

ஆயில்புனல்:
மறுபடியும் அதே ரெண்டு தடவை! அது தீர்வே இல்ல.

தேய்ந்தபேட்:
பயணம்னா எதுன்னு இன்னும் யாரும் சொல்லலை.

மலைச்சக்கரம்:
தீர்வு இல்லன்னா, சீல் ஏன் ஒட்டுதுன்னு ஒரு வரி எழுதுங்க ஆயில்புனல். புனலைத் தவிர வேற பதில் இருந்தா.