முதல் டிஜிட்டல் பியானோ: 61 கட்டை போதுமா, 88 தான் வேண்டுமா?

மாடிவீடு:
நானும் என் மகளும் (வயது 10) சேர்ந்து பியானோ கற்றுக்கொள்ளப் போகிறோம். மேற்கத்திய கிளாசிக்கல் பாடம். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, நூற்றுக்கணக்கான டோன்களும் ரிதமும் உள்ள 61 கட்டை கீபோர்டு. இன்னொன்று, யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110 மாதிரி 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ. இரண்டாவது என்றால் பட்ஜெட் கொஞ்சம் கையைக் கடிக்கும். கீழ்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்கலாம்?

வெள்ளைக்கட்டை:
கடித்தாலும் பரவாயில்லை, 88-க்கே போங்கள். எண்ணிக்கைக்காகச் சொல்லவில்லை, கட்டையின் கனத்துக்காகச் சொல்கிறேன். சாதாரண கீபோர்டில் கட்டையை மேலே தள்ளுவது ஸ்பிரிங். நீங்கள் சொன்ன மூன்று மாடல்களிலும் ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சின்னச் சுத்தியலை அசைக்கிறது. இடது பக்கம் கனம், வலது பக்கம் போகப் போக லேசு. நிஜப் பியானோவும் அப்படித்தான். ஸ்பிரிங்கில் பழகிய விரல் டீச்சரின் பியானோவில் உட்கார்ந்ததும் பாதி சுரத்தை விழுங்கிவிடும்.

ஐந்துவிரல்:
புதிதாக வருகிறவர்களை எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆரம்பப் பாடப் புத்தகம் எதையாவது பிரித்துப் பாருங்கள். நடு சி-யைச் சுற்றித்தான் கை வலம் வரும். 61 கட்டை என்றால் ஐந்து ஆக்டேவ், அதாவது ஐந்து ஸ்தாயி. நோட்டேஷன் படிக்க, தாளம் பிசகாமல் வாசிக்க, இரண்டு கையையும் சேர்க்க, அது தாராளம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிற டச் ரெஸ்பான்ஸ் மட்டும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்குமா என்று தெரிவதற்குள் 11, 12 கிலோ சாமானை ஏன் மாடி ஏற்றுகிறீர்கள்?

வெள்ளைக்கட்டை:
ஆர்வம் வடிவதற்குக் கருவியும் ஒரு காரணம், சார். "இந்த வரியை மெதுவாக வாசி" என்கிறார் டீச்சர். வகுப்பில் வருகிறது, வீட்டில் வரவில்லை. பிள்ளை தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம், அந்த நூற்றுக்கணக்கான டோன்! முதல் வாரம் டிரம்பெட், ஹெலிகாப்டர் சத்தம் எல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். அதன்பிறகு யார் தொடுகிறார்கள்?

ஐந்துவிரல்:
என் வீட்டில் தொடுகிறார்கள். ரிதம் போட்டுவிட்டு வாசிப்பதுதான் என் பையனை இன்னும் அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறது. எல்லாரும் கிரேடு பரீட்சைக்கா படிக்கிறார்கள்?

வெள்ளைக்கட்டை:
கேட்டவர் கிளாசிக்கல் பாடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சுருதிசுத்தம்:
பாலிஃபோனியை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்க முடியும் என்பதை, யாருமே பேசவில்லையே? பி-145-லும் சிடிபி-எஸ்110-லும் 64 தான், எஃப்பி-10-ல் 96. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 192 உள்ள மாடலே கிடைக்கும்.

பழையபெடல்:
பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்தபடி வாசித்தால் விட்ட சுரமும் ஒலித்துக்கொண்டே இருக்கும், ஸ்டீரியோ ஒலி என்றால் ஒரு சுரமே இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கணக்கு ஏறுகிறது. ஆனாலும் ஆரம்பப் பாடங்களில் 64 தீர்ந்து சுரம் அறுபடுவது அபூர்வம். அதற்காகப் பணத்தைக் கூட்ட வேண்டாம்.

பணத்தைக் கட்டையில் போடுங்கள். கடைக்குப் போனால் டெமோ பாட்டில் மயங்காதீர்கள். இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, நன்றாக உள்ளே தள்ளி, வெள்ளைக் கட்டையைச் சுண்டுவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒல்லியான மாடல்களில் கட்டை உள்ளே நீளம் குறைவாக இருக்கும், கட்டை ஏறி இறங்கும் அச்சு விரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதனால் அந்த இடத்தில் அழுத்துவதே கஷ்டம். கறுப்புக் கட்டை நிறைய வரும் பாடம் எடுக்கும்போது இது தெரியும்.

அடுத்து, வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஒரே கட்டையைப் படபடவென்று அடியுங்கள். அப்போது கேட்கிற "டக் டக்" தான் கீழ்வீட்டுக்குப் போகும் சத்தம். ஹெட்போன் போட்டால் உங்கள் வீட்டுக்குள் அமைதி, அவ்வளவுதான். தட்டுகிற அதிர்வு ஸ்டாண்ட் வழியாகத் தரையில் இறங்கும். காலுக்கு அடியில் தடிமனான ரப்பர் பாய் போட்டால் குறையும், முழுக்கப் போகாது.

மாடிவீடு:
இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விஷயத்தில் 61 தேவலையா?

பழையபெடல்:
தேவலைதான். உள்ளே சுத்தியல் இல்லை, கட்டையும் லேசு. இந்த ஒரு புள்ளி ஐந்துவிரலுக்கு.

ஐந்துவிரல்:
நன்றி, குறித்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்கட்டை:
பட்ஜெட் கடித்தால் செகண்ட் ஹேண்டில் 88 பாருங்கள். 2015-இல் வந்த யமஹா பி-45 நிறைய வீடுகளில் சும்மா கிடக்கிறது. 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பலமாகத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மெதுவாகத் தொட்டாலும் ஒரு கட்டை மட்டும் கத்தினால் அடியில் இருக்கும் ரப்பர் கான்டாக்டில் தூசி சேர்ந்திருக்கலாம். சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் முழுதாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

மாடிவீடு:
சரி, பி-145, எஃப்பி-10 இரண்டையும் நேரில் வாசித்துப் பார்க்கிறேன். எக்ஸ் ஸ்டாண்ட் போதுமா?

பழையபெடல்:
ஆடும், முட்டியும் இடிக்கும். இசட் ஸ்டாண்டோ மரச் சட்டமோ வாங்குங்கள். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நீங்களும் மகளும் மாறி மாறி உட்காரப் போவதால் உயரம் மாற்றும் ஸ்டூல் அவசியம். பெட்டியோடு வரும் சின்னச் சதுரப் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைப் பெடலும் (பாதி மட்டும் மிதித்து ஒலியை ஓரளவுக்கு நீட்டுவது) அதில் வராது. சில மாதம் கழித்து அந்த மாடலுக்குப் பொருந்துகிற நல்ல பெடலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்துவிரல்:
ஸ்டாண்ட், ஸ்டூல், ரப்பர் பாய், இன்னொரு பெடல். இந்தக் கணக்கைக் கூட்டிவிட்டு அவரை 88 வாங்கச் சொல்லியிருக்கலாமே?

வெள்ளைக்கட்டை:
ஸ்டாண்டும் ஸ்டூலும் உங்கள் 61-க்கும் வேண்டும், சார். அதைத் தரையிலா வைத்து வாசிக்கிறீர்கள்?