சத்துமாவு வழங்க முகச் சரிபார்ப்பு: கணவர் ஆழ்கடலில் இருக்கும்போது ஓடிபிக்கு என்ன செய்வது?

கேள்வி – கடலோர மையப் பணியாளர், தூத்தூர் பகுதி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறை வட்டாரத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவைப் போஷன் டிராக்கர் செயலியில் முகச் சரிபார்ப்பு முடித்த பிறகே வழங்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பயனாளியின் ஆதார் எண்ணைப் பதிந்து, அந்த ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டு, முகத்தைப் படமெடுத்து இ-கேஒய்சி எனப்படும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பை ஒருமுறை முடித்துவிட்டால், பிறகு மாதந்தோறும் மாவு வாங்க வரும்போது முகம் பொருந்தினால் போதும்.

எங்கள் ஊரில் அந்த முதல் படியே ஏற முடியாததாக இருக்கிறது. இங்கே பல பெண்களின் ஆதாரில் கணவரின் எண்தான் இணைக்கப்பட்டுள்ளது. கணவன்மார்கள் விசைப்படகில் லட்சத்தீவுப் பக்கமும் குஜராத் பக்கமும் ஆழ்கடல் தங்கலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. சென்ற முறை மாவு வழங்கிய நாளில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் துணிப்பையை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி என் மேசைக்கு முன் நின்றார். எண்ணை அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரல்தான் வந்தது. அவர் திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்தே அவரை எனக்குத் தெரியும். அவர் யார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு மாவைக் கொடுத்தால், இருப்புப் பதிவேட்டில் குறையும் மூட்டை செயலியில் குறையாது. தணிக்கையின்போது அந்த வித்தியாசத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் வயிற்றுப்பிள்ளைக்காரி வெறும் பையோடு திரும்ப வேண்டும். இதை முறைப்படி எப்படிக் கையாள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், தக்கலை

சகோதரி, முதலில் அந்தப் பெண்ணுக்கு மாவைக் கொடுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கும், பிரசவித்த ஆறு மாதம் வரை தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையை 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 5ஆம் பிரிவு தருகிறது. உரிய உணவு வழங்கப்படாவிட்டால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கோரலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், ஆதார் எண்ணைக் காட்ட முடியவில்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறியிருக்கிறது.

உங்கள் அச்சம் தணிக்கையைப் பற்றியது என்பதால், அதற்கு நேராகப் பயன்படும் ஒன்றைச் சொல்கிறேன். சரிபார்ப்பு தோல்வியடைந்தால் நலத்திட்டப் பயனை எப்படி வழங்க வேண்டும் என்பது குறித்து ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கைரேகையோ ஓடிபியோ கைகொடுக்காத நிலையில், ஆதார் அட்டையை நேரில் பார்த்துப் பயனை வழங்கிவிட்டு, அதை விதிவிலக்குப் பதிவேடு ஒன்றில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். முதன்மையாக ரேஷன் கடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், பிற நலத்திட்டங்களையும் சேர்த்தே அது பேசுகிறது. ஆகவே தனியாக ஒரு நோட்டைத் தொடங்கி, அதன் முதல் பக்கத்தில் அந்தச் சுற்றறிக்கையின் நகலை ஒட்டி, உங்கள் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புதல் கையெழுத்துடன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். வாயால் கிடைத்த அனுமதி தணிக்கை நாளில் நிற்காது.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது அளவு. மாதத்துக்கு 25 நாள் என்று கணக்கிட்டால், ஒரு மாத மாவு தவறும்போது 15,000 கிலோ கலோரி தவறுகிறது. ஏழாம் மாதத்தில் போனதை ஒன்பதாம் மாதத்தில் சேர்த்துக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

பதில் 2 – அங்கன்வாடிப் பணியாளர், குளச்சல் பகுதி

பதிவேடு இந்த மாதத்துக்கு உதவும். ஆனால் ஓடிபி கணவரின் கைபேசிக்குப் போகும் வரை இதே சிக்கல் புதிய கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் வரும். ஆதாரில் பெண்ணின் சொந்த எண்ணை இணைப்பதுதான் நிலையான வழி. எண்ணை மாற்றுவதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவை வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார். நாங்கள் கிளை அஞ்சலகத்தில் பேசி, தடுப்பூசி நாளன்று தபால்காரரை மையத்துக்கே வரவழைத்தோம்.

இதில் ஒரு தடை வரலாம். எண்ணை மாற்றக் கைரேகை வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு, கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் வெந்து ரேகையே தேய்ந்துவிடுகிறது. அவர்களை கருவிழிப் பதிவுக் கருவி உள்ள ஆதார் மையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இந்தப் பெண்களைப் பொறுத்தவரை, ஒருமுறை இ-கேஒய்சி முடிந்துவிட்டால், முகச் சரிபார்ப்பு கைரேகையை விட நிச்சயமாக மேலானது. முறையையே வேண்டாம் என்று சொல்வோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண் மாற்ற முடியாதவர்களுக்கு, நாள் பார்த்து முகாம் வைப்பது நல்லது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் போன்ற கிழக்குப் பக்கத்து ஊர்களில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் கணவரும் கைபேசியும் வீட்டில் இருப்பார்கள். புதிதாகத் திருமணமான பெண்கள் உட்பட, அந்த ஆண்டில் பயனாளியாக வரக்கூடிய எல்லாருக்கும் எண் மாற்றத்தை அப்போதே முடித்துவிடலாம்.

பதில் 3 – மலையோர மையப் பணியாளர், பேச்சிப்பாறை பகுதி

கடற்கரையில் கைபேசி கடலுக்குப் போகிறது என்றால், எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் டவரே இல்லை. அணையைப் படகில் கடந்து வரும் தாய்மார்களை ஓடிபிக்காக மறுபடியும் வரச் சொல்வது நியாயமில்லை. அதனால், கர்ப்பிணிகள் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நாளை கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, நான் கைபேசியோடு அங்கே போய்விடுகிறேன். பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) பதிவு, எடை, இ-கேஒய்சி எல்லாம் ஒரே வருகையில் முடிந்துவிடுகிறது.

முகம் பொருந்தாமல் போவதற்குப் பல நேரம் வெளிச்சமே காரணம். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும். வாசலைப் பார்த்து உட்கார வைத்து, மழைக்குப் போட்ட முக்காட்டை எடுக்கச் சொல்லி, கைபேசியின் கேமராவைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். ஆதாரில் சிறுவயதுப் படம் இருப்பவர்களுக்கு இதுவும் பயன்படாது; அவர்கள் ஆதார் மையத்தில் படத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

பதில் 4 – அங்கன்வாடிப் பணியாளர், களியக்காவிளை பகுதி

பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தாய்வீடு எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலைப் பக்கம். அங்கே குழந்தைக்கு அமிர்தம் நியூட்ரிமிக்ஸ், இங்கே சத்துமாவு. மாவு வேறாக இருந்தாலும் செயலி நாடு முழுவதும் ஒன்றுதான். ஆகவே போகும் முன்பே செயலியில் இடமாற்றத்தைப் பதிந்து அனுப்பிவிடுங்கள். இங்கே பெயர் நீடித்தால், அங்கே ஆதார் எண்ணைப் பதியும்போது சிக்கல் வரும். பச்சைக்குழந்தையோடு இருக்கும் தாய் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பாள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அஞ்சலகத்தில் நாளையே பேசுகிறேன். தக்கலை ஐயாவிடம் ஒரு சந்தேகம்: விதிவிலக்குப் பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்? உதவியாளர் கையெழுத்து போதுமா?

பதில் 1 – ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், தக்கலை

தேதி, பயனாளியின் பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண்கள், பிக்மி எண், சரிபார்ப்பு நடக்காத காரணம், கொடுத்த மாவின் அளவு, பயனாளியின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். முழு ஆதார் எண்ணை எழுத வேண்டாம். நோட்டு யார் கையிலும் போகக்கூடும். காரணத்தை “நெட்வொர்க் பிரச்சினை” என்று பொதுவாக எழுதாமல், “ஓடிபி கணவரின் எண்ணுக்குச் செல்கிறது, அவர் ஆழ்கடலில் உள்ளார்” என்று உள்ளபடியே எழுதுங்கள். உதவியாளரின் கையெழுத்துடன், தாய்மார் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் இருப்பது நல்லது. மாதக் கடைசியில் பதிவேட்டின் மொத்தத்தைச் செயலியின் எண்ணிக்கையோடு கூட்டி, அது இருப்புப் பதிவேட்டுடன் ஒத்துப்போவதை அடியில் எழுதி, மேற்பார்வையாளர் வரும்போது அதே பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.