விண்டோஸ் 7-இல் பைத்தான் ஏறவில்லை

கேள்வி: 32-பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். வேறு கணினியிலிருந்து நகலெடுத்த புதிய பைத்தான் நிரல்மொழியை ஓட்டினால் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்ற டிஎல்எல் (விண்டோஸின் துணைக் கோப்பு) இல்லை என்கிறது. அந்தக் கோப்பை மட்டும் இறக்கிப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் நண்பரே, கண்ட தளத்து டிஎல்எல்லோடு வைரஸும் வரும். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-க்கு ஆதரவே இல்லை. பைத்தான் தளத்தில் 3.8.10-இன் 32-பிட் நிறுவியை எடுங்கள், 3.8 வரிசையில் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு அது. அதற்கு முன் விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக் 1 (அப்டேட் தொகுப்பு), பிறகு கேபி3063858 அப்டேட் இரண்டும் இருக்க வேண்டும். நிறுவியின் முதல் திரையில், அடியில் 'பாத்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் பைத்தான் இருப்பதே தெரியாது.

பதில்: நிரல் எழுத விஎஸ் கோடு எடிட்டர் வேண்டும் என்றால், விண்டோஸ் 7-க்கு 1.70.3-தான் கடைசிப் பதிப்பு. 2 ஜிபிக்கு அது பாரம். பைத்தானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரே போதும்.