சென்சார் மாற்றியும் தீராத பிக்கப் கோளாறு: கப்ளரின் பின்னைப் பார்த்த அனுபவம்

சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது பன்னிரண்டு சக்கர வண்டி, பி.எஸ்.4 இன்ஜின். போன ஐப்பசி மழையில் சிமென்ட் லோடோடு பெங்களூருக்குப் போகும்போது தொப்பூர் மேட்டில் திடீரென்று பிக்கப் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் ஒழுங்காக ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை.

ஸ்கேனர் போட்டவர், டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் என்றார். புதுசு வாங்கி மாட்டினோம். நான்கு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. அந்த நான்கு நாள் சென்சாரால் வந்ததே இல்லை. சென்சாரில் ஒயரைச் சேர்க்கும் சொருகியான கப்ளரைக் கழற்றி மாட்டும்போது உள்ளே இருக்கும் உலோகப் பின் உரசி லேசாகச் சுத்தமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் ஊரிலேயே வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டேன். கேபினைத் தூக்கி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கப்ளருக்குப் பின்னால் ஒயரை இரண்டு விரலால் மெதுவாக அசைத்தார். இன்ஜின் சத்தம் தடுமாறியது. கையை எடுத்தார், சரியானது. கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் சீல் ஒரு ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. அந்தச் சென்சாரின் பின் அளவிலேயே தனிப் பின் ஒன்று வைத்திருந்தார். அதை மூன்று ஓட்டையிலும் சொருகி இழுத்துப் பார்த்தார். இரண்டு கவ்விப் பிடித்தன. மூன்றாவதில் பின் தானாக நழுவி விழுந்தது. “யாரோ மீட்டர் குச்சியை இதுக்குள்ள குத்தி வாயை அகட்டியிருக்காங்க தம்பி” என்றார்.

அந்த மூன்று ஒயரில் ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சிக்னலே ஏறத்தாழ அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள்தான் ஓடும். 24 வோல்ட் பல்புக்குக் களிம்பு பிடித்தால் கொஞ்சம் மங்கி எரியும். இங்கே கால் வோல்ட் மாறினாலே இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பிரஷரைத் தப்பாகப் படித்துவிடும், இன்ஜினைக் காப்பாற்ற பவரைக் குறைத்துவிடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒயரோடு வரும் புதுக் கப்ளரைப் போட்டார். மூன்று ஒயரையும் வேறு வேறு நீளத்தில் வெட்டியதால் ஜாயின்ட்கள் ஒரே இடத்தில் குவியவில்லை. ஜாயின்ட்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து), உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடாக்கி மூடினார். ஈயம் வைக்கலாமே என்று கேட்டேன். ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்துவிடும், அது முடிகிற இடத்தில் அதிர்வில் அறுந்துவிடும் என்றார். ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, மொத்த பாரமும் கப்ளரில் தொங்கியிருந்தது. அதையும் மாற்றினார். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது அந்தக் கிளிப்தான். சென்சாருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தை முடியப் போகிறது, இன்னும் அந்த விளக்கு எரியவில்லை.

—

நாமக்கல்லிலிருந்து ஒருவரின் பதில்: அண்ணே, எங்கள் டிப்பரிலும் இதேதான், ஆனால் இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் கப்ளர். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை இன்ஜின் மேலேயே அடித்தார்கள். மறுநாள் காலையில் செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கப்ளரைக் கழற்றினால் தண்ணீர் சொட்டியது. ஊதிக் காயவைத்து ஓட்டினோம், இரண்டு மாதத்தில் பின் அரித்துப் போய்விட்டது. இப்போது கழுவும்போது நானே பக்கத்தில் நின்று, இன்ஜின் பக்கம் துணியால் துடைக்க மட்டும் விடுகிறேன். சீல் வெட்டியிருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். டேப்புக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வராது.