பாத்திரத் தாளில் ‘இனம்’ என்று எழுதலாமா?

இரணைமடு:
கிளிநொச்சியில் ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம் அது. பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் பாத்திரத் தாளைத் தமிழில் எழுதத் தொடங்கியதும், மனிதரா, மாயக்கதைகளில் வரும் எல்ஃபா, குள்ளரான டுவார்ஃபா என்று குறிக்கும் கட்டத்திலேயே பிணக்கு வந்துவிட்டது. பல பதிப்புகளாக ‘ரேஸ்’ என்றிருந்ததை 2024ஆம் ஆண்டின் விதிநூல் ‘ஸ்பீசிஸ்’ என்று மாற்றியிருக்கிறது. நாங்களும் ‘இனம்’ என்பதைக் கைவிட வேண்டும் என்கிறேன். அந்தச் சொல்லின் பேரால் வன்னியில் ஒவ்வொரு வீடும் இழந்தது எவ்வளவென்று எல்லோருக்கும் தெரியும். விளையாட வந்த பிள்ளையிடம் ‘உன்னுடைய இனம் என்ன’ என்று கேட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமா?

பாலைப்பழம்:
தம்பி, உங்கள் மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது, தீர்வுதான் பிழை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள். எங்கள் பாடநூல்களில் ‘ஸ்பீசிஸ்’ என்பதற்குரிய சொல்லே ‘இனம்’தான்; அதற்கு அடுத்த மேல்நிலை ‘சாதி’. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்ததால் ஒன்றை விட்டு மற்றதற்குப் போக முடிந்தது. நாங்கள் எந்தப் பக்கத்தால் போனாலும் இனத்தில்தான் வந்து நிற்போம். அதோடு, 2014ஆம் ஆண்டு விதிப்படி டுவார்ஃபாகப் பிறந்தாலே உடலுறுதிப் புள்ளி 2 கூடும். பிறப்பே ஆற்றலைத் தீர்மானிக்கும் அந்த விதியல்லவா உறுத்த வேண்டும்? 2024இல் அந்தக் கூட்டலைப் பாத்திரம் வளர்ந்த பின்னணியோடு சேர்த்தார்கள். உண்மையான திருத்தம் அதுதான், பெயர்மாற்றம் அன்று.

இரணைமடு:
பாடநூலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அக்கா. ஆனால் தவளையின் இனத்தைப் படிக்கும் மாணவர் தம்மைப் பற்றிப் படிப்பதில்லை. மேசையில் நாங்கள் ‘நான்’ என்று சொல்லித்தான் பேசுகிறோம். இதே வகையான பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னோர் வழியைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டது. நாங்கள் ‘பரம்பரை’ என்று எழுதலாம்.

மாங்குளத்தான்:
பரம்பரை என்றதும் இங்கே காணிக் கதைதான் வரும். அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிகளில் போர்வீரன், மந்திரவாதி என்பவற்றைப் போல எல்ஃப், டுவார்ஃப் என்பனவும் பாத்திரத்தின் தொழிலைக் குறிக்கும் தனித்தனி வகுப்புகளாகவே இருந்தன. தனிக் கட்டம் தேவைப்படவில்லை. உரிமைச் சிக்கலால், ஆட்டத்தில் வரும் சிற்றுருவ மக்களுக்கு இருந்த ‘ஹொபிட்’ என்ற பெயர் ‘ஹாஃப்லிங்’ ஆனபோதும் ஆட்டம் நின்றுவிடவில்லை.

பாலைப்பழம்:
கட்டத்தை எடுத்தால் டுவார்ஃப் மந்திரவாதியை எங்கே எழுதுவது? புதிய விதியில் டுவார்ஃபுக்கு இருளில் 120 அடி தூரம் கண் தெரியும். போர்வீரனானாலும் மந்திரவாதியானாலும் அது மாறாது. ஆகவே கட்டம் வேண்டும், அதற்கொரு பெயரும் வேண்டும். தம்பி சொன்ன அந்த ‘நான்’ என்ற நியாயத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை என்பதால், ‘பிறவி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘மானிடப் பிறவி’ என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு ‘எல்ஃப் பிறவி’ அந்நியமாக ஒலிக்காது.

இரணைமடு:
‘நீ என்ன பிறவி’ என்று ஏசுவதும் எங்கள் ஊர்ப் பேச்சில் உண்டு, அக்கா. ஆனாலும் அந்த ஏச்சு எவரையும் வீட்டைவிட்டுத் துரத்தியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் அதையே எழுதிப் பார்க்கிறேன்.