அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: மல மாற்று சிகிச்சையை வீட்டிலேயே செய்யலாமா?

ஈரோட்டு அக்கா:
என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் வந்து வந்து போகிற நோய். மெசலமைன் மாத்திரை, ராத்திரி எனிமா, நடுநடுவே ஸ்டீராய்டு. இப்போது மறுபடியும் ரத்தத்தோடு போகிறது. பஸ் ஏறவே பயப்படுகிறான். நல்ல ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்தினால் குணமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மிக்ஸியும் எனிமா பையும் இருந்தால் போதுமாம். கொடுக்க நான் தயார், எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. யாராவது செய்திருக்கிறீர்களா?

குடல்நோயாளி:
எனக்கு கிரோன்ஸ், இதுவும் இதே மாதிரி ஒரு குடல் அழற்சி நோய். கேட்டதற்கு என் டாக்டர், "ஆய்வில் சேர்ந்தால் சரி, வெளியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

லேப்காரன்:
அக்கா, தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். மலப் பரிசோதனைதான் என் அன்றாட வேலை, எனக்கும் இதே நோய் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சிகிச்சை பொய்யில்லை. சி.டிஃப் என்ற கிருமி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. 2013இல் நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் சரியானது. நம் நோய்க்கு அவ்வளவு பலன் இல்லை. 2015 கனடா ஆய்வில் நோய் அடங்கியது 24 சதவீதம் பேருக்கு, வெறும் தண்ணீர் எனிமா எடுத்தவர்களில் 5 சதவீதம். அதே வருடம் ஆம்ஸ்டர்டாமில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 32 சதவீதம் பேருக்கு அடங்கியது, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் 9 சதவீதம். அங்கே மலத்தை ஆக்சிஜன் படாமல் தயாரித்தார்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் பலவும் காற்றுப் பட்டாலே செத்துவிடும். மிக்ஸியில் அடித்தால் என்ன மிஞ்சும்?

"எனக்கு வியாதி இல்லை" என்கிறீர்கள். மருந்துக்கு அடங்காத ஈ.கோலி நல்ல ஆரோக்கியமானவர் குடலிலும் சும்மா இருக்கும், நம் ஊரில் இது சகஜம். அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் மலம் பெற்ற இரண்டு பேருக்கு இந்தக் கிருமி பரவி, ஒருவர் இறந்தே போனார். இரண்டு பேருக்கும் எதிர்ப்பு சக்தி குறைவு. கொடுத்த மலத்தில் அந்தக் கிருமியைத் தேடிப் பார்த்திருக்கவில்லை. 2019 ஜூனில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது இதனால்தான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். சி.டிஃப் நச்சுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தத் தொற்று வந்தாலும் நோய் கிளம்பியது போலவேதான் இருக்கும். தண்ணீராகப் போகும்போதே சாம்பிள் எடுத்து உடனே லேபில் கொடுங்கள். வெளியே சும்மா வைத்திருந்தால் நச்சு சிதைந்து, இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். காலையில் எடுத்துச் சாயங்காலம் கொண்டுவருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

வடக்கே வேலை:
லூதியானாவில் தயானந்த் மருத்துவக் கல்லூரியில் இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள், டெல்லி எய்ம்ஸிலும் உணவுமுறையோடு சேர்த்துச் செய்தார்கள். இப்போது எங்கே ஆள் சேர்க்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு இணையதளத்தில் தேடிப் பாருங்கள். முறைப்படி நடக்கும் ஆய்வென்றால் அதில் பதிவு இருக்கும்.

ஈரோட்டு அக்கா:
ரொம்ப நன்றி. தம்பி அசதயோபிரினும் சாப்பிடுகிறான், அதை எழுத விட்டுப்போச்சு. நாளைக்கு சாம்பிளோடு வரச் சொல்லிவிட்டார் டாக்டர்.

லேப்காரன்:
அசதயோபிரின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், அப்படியென்றால் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டானா?

ஈரோட்டு அக்கா:
ஆமாம், பல் பிடுங்கினபோது. ஒரு வாரம் சாப்பிட்டான்.

லேப்காரன்:
அதை நாளைக்கு முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லுங்கள். சி.டிஃப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்குக்கு அப்புறம்தான் கிளம்பும். மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.